அஞ்சாம் பருவத்துல பட்டுப்புழு சோர்ந்து, கருத்துச் சாகுது

கேள்வி: உடுமலை பக்கமுங்க. 200 முட்டைத் தொகுதி (ஒரு தாய்ப்பூச்சி இட்ட முட்டை ஒரு தொகுதி), வி1 ரக மல்பெரி இலை, ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டு. நாலாவது தோலுரிப்பு வரைக்கும் நல்லா இருந்துச்சு. இப்ப கூடு கட்டுறதுக்கு முந்தின கடைசிப் பருவமான அஞ்சாம் பருவம் அஞ்சாவது நாள், புழு இலை திங்காம கிடக்குது, வாந்தி எடுக்குது, செத்தது கருப்பாகி நாத்தம் தாங்கல. மதியம் ஷெட்டுல 34 டிகிரி இருக்குது. ஆன்டிபயாடிக் கேப்சூலைக் கரைச்சு இலையில தெளிக்கலாமா?

பதில்: வணக்கங்க. நீங்க சொல்றதப் பாத்தா பாக்டீரியாவால வர்ற பிளாச்சரி நோய் தான். எதுக்கும் ஒரு புழுவோட காலை நறுக்கிப் பாருங்க, வெள்ளையா பால் வடிஞ்சா அது பால்புழு நோய், வைரஸ். பிளாச்சரின்னா பால் வடியாது, உடம்பு கொழகொழன்னு இருக்கும், புழுக்கை தனித்தனியா விழாம கோத்துக்கிட்டு வரும்.

கேப்சூல் வேண்டாங்க. இலை தின்னாதான மருந்து உள்ள போகும், அதுதான் இலையையே தொட மாட்டேங்குதே. நோய் விழுந்த புழுவ இனி காப்பாத்த முடியாது, மிச்சத்தக் காப்பாத்தலாம்.

செத்தது, சோர்ந்தது எல்லாத்தையும் கையில தொடாம குச்சியால எடுத்து, பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கரைச்ச பேசின்ல போட்டு, அப்புறம் தோட்டத்துக்கு வெளிய குழியில மூடுங்க. கோழிக்குப் போடாதீங்க, மல்பெரி வரப்புல வீசாதீங்க. இந்தப் பருவத்தோட நாலாம் நாள் விஜேதா (புழுப் படுக்கையில தூவுற கிருமிநாசினி பவுடர்) தூவலைன்னா இன்னிக்கே சதுர அடிக்கு 5 கிராம் கணக்குல தூவி, அரைமணி நேரம் கழிச்சு இலை போடுங்க.

இந்தக் கிருமி ஷெட்டுலயும் இலையிலயும் எப்பவும் கொஞ்சம் இருக்குறதுதான், புழு திடமா இருந்தா ஒண்ணும் பண்ணாது. பெரிய புழுவுக்கு 24-25 டிகிரி சூடும் 70 சதவீத ஈரப்பதமும் போதும், உங்க ஷெட்டுல 34ங்கறப்ப அதுக்கு செரிமானமே கெட்டுப்போகும். கூரை மேல தென்னங்கீத்து பரப்பி தண்ணி அடிங்க, ஜன்னல மூடாதீங்க. 200 தொகுதிக்கு 1,200 சதுர அடிக்குக் குறையாம இடம் வேணும், இல்லைன்னா இன்னிக்கே பிரிச்சு விடுங்க. இலைய வெயிலுக்கு முன்னாடி வெட்டிருங்க, குமிச்சு வைக்காதீங்க, குமியலுக்குள்ள கைய விட்டா வெதுவெதுன்னு இருந்துச்சுன்னா அது புளிச்ச இலை. யூரியா தாராளமா போட்டு வந்த தண்ணி இலையும் இதே தொல்லைதான்.

பட்டுக்கூடு எடுத்ததும் ஷெட்டைப் பெருக்குறதுக்கு முன்னாடியே ஒரு தடவை கிருமிநாசினி மருந்தடிங்க, முதல்லயே பெருக்குனா கிருமி தூசியோட பறந்து எல்லா இடத்துலயும் ஒட்டிக்கும். 10 லிட்டர் தண்ணிக்கு 200 கிராம் பிளீச்சிங், 30 கிராம் நீத்த சுண்ணாம்பு. பவுடர் கட்டி தட்டியிருந்தா குளோரின் போயிருச்சுன்னு அர்த்தம், அத வாங்காதீங்க. இரும்பு ஸ்டாண்டா இருந்தா பிளீச்சிங் துருப்பிடிக்க வெச்சிரும், அதுக்கு குளோரின் டையாக்சைடு நல்லது. கழுவிக் காயவெச்சு, அடுத்த புழு உள்ள வர்றதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி இன்னொரு தடவை அடிங்க.

இன்னொண்ணு, பக்கத்துத் தோட்டத்துல தக்காளி, முட்டைகோஸ் இருந்தா புழுவுக்கு பி.டி. பாக்டீரியா மருந்து அடிச்சாங்களான்னு கேளுங்க. காத்துல வந்து உங்க இலையில படிஞ்சா பட்டுப்புழுவும் சாகும், ஆனா இப்படி மெல்ல மெல்ல இல்லாம ஒரே நாள்ல சடசடன்னு விழும். அப்படின்னா அந்த ஓரத்து வரிசை இலைய இந்த பேட்ச்சுக்கு வெட்டாதீங்க.