கேள்வி–பதில்: பறவையைக் கண்டும் பாயாத நாய்

எங்கள் ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டருக்கு ஒன்பது மாதம். காடையின் வாசனை பட்டதும் அழகாக நின்று பாயின்ட் காட்டுகிறாள், அதாவது பறவை இருக்கும் பக்கம் மூக்கை நீட்டி அசையாமல் நிற்கிறாள். நான் பக்கத்தில் போனால்தான் பிரச்சினை: ஒவ்வோர் அடியாக ஊர்ந்து, கடைசியில் பாய்ந்துவிடுகிறாள். "நில், நில்" என்று கத்தியும் பயனில்லை. பண்ணைக் காடைகள் இரண்டைப் பிடித்தும்விட்டாள்.
— டாலஸ் வாசகர்

காரணம் உங்கள் கேள்வியின் கடைசி வரியில் இருக்கிறது. பண்ணையில் வளர்ந்த காடைக்குப் பறக்கும் வலு குறைவு. புல்லிலிருந்து எழுந்து நாலு கஜத்தில் விழும் பறவையை நாய் ஒருமுறை பிடித்துவிட்டால் போதும், "நின்றால் ஒன்றுமில்லை, பாய்ந்தால் கிடைக்கும்" என்று அதற்குப் பதிந்துவிடும். இன்றோடு காடையை நிறுத்துங்கள். ஹோமர் புறாவுக்கு மாறுங்கள். அது விருட்டென்று எழும்பி உயரப் போய்விடும், எந்த நாயாலும் பிடிக்க முடியாது. பழக்கிய புறாவானால் கூட்டுக்கும் திரும்பிவிடும்.

ஆனால் புறாவுக்கு முன்னால் வேறொரு வேலை இருக்கிறது. 'நில்' என்பதைப் பறவையே இல்லாத இடத்தில் முழுதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். வாரில் பிடித்து நடந்துகொண்டே சட்டென நில்லுங்கள். ஒரே ஒருமுறை "நில்". கால் நகர்ந்தால் பேசாமல் தூக்கி, நின்ற அதே இடத்தில் திரும்ப வையுங்கள். ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் போதும். இந்தக் காலத்தில் 'உட்கார்' கட்டளையை மூட்டை கட்டிவிடுங்கள். உட்காரப் பழகிய நாய் நெருக்கடி வந்தால் உட்கார்ந்துவிடும். பறவை முன்னால் உட்கார்வது அசிங்கமான பழக்கம், போக்குவதும் கடினம். உட்காரப் பார்க்கும் நாய்க்கு, கழுத்துப் பட்டையில் கட்டிய கயிற்றைப் பின்னுக்குக் கொண்டுவந்து நாயின் இடுப்பில் ஒரு சுருக்கு போடுங்கள். லேசாகத் தூக்கினாலே நேராக நின்றுவிடும்.

இன்னொன்று: 'நில்' சொன்ன இடத்திலிருந்து நாயை உங்களிடம் கூப்பிடவே கூடாது. கூப்பிட்டுப் பழக்கினால் எப்போது கூப்பிடுவார் என்று காத்திருந்து உங்களை நோக்கி ஊரத் தொடங்கும். நீங்களே திரும்பப் போய், விலாவில் தட்டி விடுவியுங்கள். நீங்கள் சுற்றி நடந்து, தொப்பியைத் தூக்கி எறிந்தும் இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் அடுத்த கட்டத்துக்குத் தயார்.

இனி லாஞ்சர். ரிமோட்டை அழுத்தினால் புறாவை மேலே வீசும் பெட்டி இது. அதை உயரமான புல்லில் மறைத்து வையுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, காற்றுக்குக் குறுக்காக, பெட்டிக்குக் கீழ்க்காற்றில் (பெட்டியைக் கடந்த காற்று நாய்க்கு வரும் பக்கத்தில்) பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நாயை நடத்திச் செல்லுங்கள். கயிறு ஆறிலிருந்து ஒன்பது மீட்டர். முறுக்கிக்கொள்ளாத தடித்த கயிறும் கையுறையும் அவசியம். வாசனை மூக்கில் பட்ட கணம் நாயின் தலை வெட்டித் திரும்பும். நின்றால் நீங்களும் நில்லுங்கள். நாய் ஓரடி எடுத்து வைத்தால் அதே நொடி பட்டனை அழுத்துங்கள், புறா போய்விடட்டும். "நில்" என்று சொல்லவே கூடாது, திட்டக்கூடாது, கயிற்றைச் சுண்டக்கூடாது. நகர்ந்தால் பறவை போய்விடும் என்பதை நாய் பறவையிடமிருந்தே கற்க வேண்டும். நீங்கள் கத்துவதை இத்தனை நாளில் அது வெறும் சத்தமாக எடுத்துக்கொண்டிருக்கும்.

நீங்கள் நெருங்கும்போது ஊர்வதற்கும் காரணம் உண்டு. நேர் பின்னாலிருந்து வருபவர் நாயை முன்னால் தள்ளுகிறார். தன் பறவையைப் பறிக்க வருகிறாரோ என்ற பதற்றமும் சேர்கிறது. பக்கவாட்டில், நாலைந்து மீட்டர் தள்ளி அரைவட்டமாக, அதன் கண்ணில் படும்படி போங்கள். கயிற்றை உதவியாளர் பிடித்திருக்கட்டும். முன்னால் போய்ப் புல்லை உதையுங்கள். வால் ஆடத் தொடங்கினால் அது தடுமாறுகிறது என்று பொருள். அன்றைக்கு அவ்வளவு தூரம் போதும். கடைசிவரை நின்றால் புறாவை விடுங்கள். துரத்தப் போனால் கயிற்றில் மெதுவாக நிறுத்தி, நின்ற இடத்தில் திரும்ப வைத்துத் தடவிக்கொடுத்து, வேறு திசையில் அழைத்துப் போங்கள். ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று புறா. நாலாவது புறாவில்தான் பெரும்பாலும் கெட்டுப்போகும்.

டெக்சஸ் வெயிலில் ஒரு எச்சரிக்கை: காய்ந்த நண்பகலில் வாசனை சரியாகப் பரவாது, நாய் பெட்டிக்கு மிக அருகில் போய்த்தான் உணரும். அது நாயின் தப்பல்ல. பனி ஈரம் இருக்கும் காலையில், இளங்காற்றில் பழக்குங்கள்.

லாஞ்சரில் பழக்கத் தொடங்கியபின் எங்கள் பிரிட்டனி இன நாய், பறவை இருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறான். தெரியாததுபோல் நடிக்கிறான்.
— டொரொண்டோ வாசகர்

நடிப்பல்ல, பயம். பெட்டி அவன் முகத்துக்கு நேரே வெடித்திருக்கும், அல்லது பறவை அருகில் இருந்தபோது எலெக்ட்ரிக் காலரில் அதிர்ச்சி வாங்கியிருப்பான். பறவை இருந்தால் வலி வரும் என்று முடிச்சுப் போட்டுவிட்டான். அவிழ்க்க வாரக்கணக்கில் ஆகும்.

லாஞ்சர், காலர், கட்டளை எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். கையிலிருந்து புறாவைப் பறக்கவிட்டு, ஆசை தீரத் துரத்த விடுங்கள். ஒழுங்கு பிறகு பார்த்துக்கொள்ளலாம்; ஆசை செத்துவிட்டால் ஒழுங்குபடுத்த ஒன்றும் மிஞ்சாது. வெறும் பெட்டியின் சத்தத்தை, அவன் சாப்பிடும்போது முப்பது மீட்டருக்கு அப்பாலிருந்து பழக்குங்கள். திரும்ப லாஞ்சருக்கு வரும்போது நாய் ஆறேழு மீட்டருக்குள் இருந்தால் பட்டனைத் தொடாதீர்கள்.

துப்பாக்கிச் சத்தம் எப்போது?
— மினசோட்டா வாசகர்

பறவையை ஆவேசமாகத் துரத்தும் நாய்க்கு மட்டும், துரத்திக்கொண்டிருக்கும்போது மட்டும். அறுபது எழுபது மீட்டர் தள்ளி நின்று, சத்தம் குறைந்த பிளாங்க் தோட்டாவால் (குண்டில்லாமல் வெடிச்சத்தம் மட்டும் தருவது) தொடங்கி, நாய் சட்டை செய்யாதவரை சிறிது சிறிதாக நெருங்குங்கள். காது பின்னால் போனால் அன்றே நிறுத்துங்கள். "பயப்படுகிறதா பார்ப்போம்" என்று பக்கத்தில் சுட்டுப் பார்ப்பதால் கெட்ட நாய்கள் ஏராளம்.

ஏ.கே.சி. (அமெரிக்கன் கென்னல் கிளப்) நடத்தும் ஹன்ட் டெஸ்ட் என்ற வேட்டைநாய்த் தேர்வுக்கு நாய் எவ்வளவு நிற்க வேண்டும்?
— நியூ ஜெர்சி வாசகர்

ஜூனியர், சீனியர், மாஸ்டர் என்று மூன்று நிலைகள். ஜூனியரில் நீங்கள் சுடும் தூரத்துக்கு வரும்வரை பாயின்ட் காட்டி நின்றால் போதும். நான்கு முறை தேறினால் பட்டம். சீனியரில் பறவை எழுந்து வெடிச்சத்தம் கேட்கும்வரை நிற்க வேண்டும். மாஸ்டரில் பறவை எழுந்தாலும் சுட்டாலும் நிற்க வேண்டும், நீங்கள் சொன்னபின்தான் எடுத்துவரப் போகலாம். ஜூனியர் எளிது என்று துரத்தலை வளரவிட்டுப் பிறகு அடக்க முயல்பவர்கள் படும் பாடு தனி. முதலிலிருந்தே மாஸ்டருக்குப் பழக்குங்கள்.

கோவையில் இங்கிலீஷ் பாயின்டர் வளர்த்து இப்படிப் பழக்கலாமா? எங்கள் சிப்பிப்பாறைக்கு வருமா?
— கோவை வாசகர்

சிப்பிப்பாறைக்கு வராது. கண்ணால் பார்த்துத் துரத்தும் இனம் அது. மூக்கில் வாசனை பட்டு நிற்கும் குணம் அதன் ரத்தத்தில் இல்லை.

பாயின்டர் வளர்க்கலாம், வேட்டைக்கு மட்டும் இடமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதில் கொல்வதை மட்டுமல்ல, துரத்துவதையும் விரட்டுவதையும் சேர்த்திருக்கிறது. கரட்டுக்காட்டில் கௌதாரி, மயில் பக்கம் நாயை அவிழ்த்து விட்டாலே வம்பு. வேலி போட்ட சொந்தத் தோட்டத்தில், சொந்த ஹோமர் புறாக்களைக் கொண்டு, காலை ஏழு மணிக்குள் பழக்கிக்கொள்ளுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால் இந்த இனம் வேண்டாம். ஓட இடமில்லாத பாயின்டர் வீட்டைப் பிய்த்துப் போட்டுவிடும்.