கற்பனை ஊரின் இறைச்சிக்கடை: கேள்விகளும் பதில்களும்

திருகோணமலையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் பகடை உருட்டிக் கதை விளையாடுகிற குழு எங்களுடையது. கதையை நடத்துவது நான், மற்றவர்கள் அதில் வரும் வீரர்கள், அவர்கள் செய்வது பலிக்குமா என்று பகடையில் விழும் எண் சொல்லும். இந்த முறை மந்திரமும் அரக்கர்களும் உள்ள ஒரு ஊரில், ஒரு குடும்பம் நடத்தும் இறைச்சிக்கடையை வைத்தேன். அதைக் கேள்விப்பட்டு, தங்கள் குழுக்களில் கதை நடத்துகிறவர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். என் அம்மாவின் ஆட்கள் இறைச்சி வியாபாரம் செய்தவர்கள், அதனால் இந்தத் தொழில் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

உப்புவெளியிலிருந்து: அண்ணா, ஆயுதக்கடை, சத்திரம் இருந்தால் போதாதா? இறைச்சிக்கடை எதற்கு?

ஒரு மாட்டை அறுத்தால் இறைச்சி மட்டுமா வருகிறது? தோல் பதனிடுகிறவனிடம் போகும். கொழுப்பை உருக்கி மெழுகுதிரி வார்ப்பார்கள். கொம்பில் சீப்புச் செய்வார்கள், எலும்பில் பசை காய்ச்சுவார்கள். ஆட்டுக் குடலை முறுக்கினால் வாத்தியத்துக்கு நரம்பு. உங்கள் வீரன் போட்டிருக்கும் தோல் கவசமும், நிலவறைக்குள் அவன் பிடித்துப் போகும் திரியும், பாடகன் மீட்டும் நரம்பும் இந்தக் கடையைத் தாண்டி வந்தவைதான். கடையை ஒரு கிழமை பூட்டிப் பாருங்கள் தங்கச்சி. திரி விலை ஏறும், செருப்புத் தைக்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார், ஊரே அந்த வாசலில் வந்து நிற்கும். கதை தன்பாட்டில் தொடங்கிவிடும்.

கிண்ணியாவிலிருந்து: அண்ணன், வரைபடத்தில் கடையை எங்கே போடுவது?

அறுக்கிற இடம் வேறு, விற்கிற இடம் வேறு. அறுக்கிற இடத்தை ஊர் எல்லையில், ஆறு ஊரைக் கடந்து போன பிறகு போடுங்கள். 14ஆம் நூற்றாண்டு லண்டனில் குடலையும் இரத்தத்தையும் ஆற்றில் கொட்டுகிறார்கள் என்று ஊரார் அரசன் வரைக்கும் முறையிட்டிருக்கிறார்கள். விற்கிற கடை நிழலுக்குள் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் யோர்க் நகரில் ஷாம்பிள்ஸ் என்று ஒரு பழைய தெரு உண்டு. மேல்மாடிகள் இரண்டு பக்கமும் முன்னால் தள்ளி நிற்கும், வெயில் உள்ளே விழாது. 1872இல் அந்த ஒரு தெருவில் 25 இறைச்சிக்கடைகள். இன்றைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகள் சில சுவர்களில் இன்னும் இருக்கின்றன. தெருவின் குறுக்களவு சிறியது என்பதால் துரத்தல் காட்சிக்கும் அருமையான இடம்.

மூதூரிலிருந்து: கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?

அது உங்கள் ஊரின் வெக்கையைப் பொறுத்தது. குளிர் நாட்டில் மாட்டிறைச்சியை நாள் கணக்கில் தொங்கவிட்டு மெதுவாக்கி விற்பார்கள். நம்முடைய வெயிலில் அந்தக் கதை நடக்காது. விடியப்புறம் அறுத்து, மத்தியானத்துக்குள் விற்று முடித்து, குற்றியைச் சுரண்டி உப்புப் போட்டுத் தேய்த்துவிட வேண்டும். மிஞ்சினது கீற்றாக அரிந்து உப்பில் புரட்டி வெயிலில் வத்தலாகும். அப்போ, மாலை நான்கு மணிக்கு ஊருக்குள் வரும் வீரர்களுக்குப் பச்சை இறைச்சி கிடைக்கக் கூடாது. கிடைத்தால் அவர்களுக்குச் சந்தேகம் வர வேண்டும்.

பெயர் போட வேண்டாம் என்றவர்: என் குழுவில் இறைச்சிக்கடைக்காரரைக் கண்டதும் எல்லோரும் இவர்தான் கொலைகாரன் என்று முடிவு கட்டுகிறார்கள். நானும் அப்படியே எழுதிவிடவா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். கத்தியும் இரத்தமும் இருந்தால் கொடூரன் என்று எழுதுவது சோம்பேறித்தனம், அந்தத் தொழிலில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு அநியாயமும்கூட. நல்ல இறைச்சிக்காரர் மிருகத்தைப் பயப்படுத்த மாட்டார். இரக்கம் ஒரு காரணம், தொழில் இன்னொரு காரணம். மிரண்டு ஓடிக் களைத்த மாட்டின் தசையில் இருக்கும் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோகும். அது இருந்தால்தான் அறுத்த பிறகு தசையில் தேவையான புளிப்பு உண்டாகும். இல்லாவிட்டால் இறைச்சி கறுத்து, தொட்டால் பிசுபிசுத்து, கெதியில் பழுதாகும்.

இதை நான் கதையில் இப்படி வைத்தேன். கடையின் மூத்த மகள்தான் வெட்டுகிறவள். தாய் காசுப்பெட்டியில், அப்பப்பா கத்தி தீட்டுகிறார், இளையவன் கிராமங்களுக்குப் போய் மாடு பிடித்து வருகிறான். ஒரு காலை தொடையை அறுத்ததும் மகளின் கை நின்றுவிடுகிறது. சதை கருஞ்சிவப்பு. தம்பியைக் கூப்பிட்டு, "மாட்டை ஓட ஓட விரட்டியா கொண்டுவந்தாய்?" என்று கேட்கிறாள். இல்லை, இராத்திரி பட்டியில்தான் நின்றது என்கிறான். அப்படியென்றால் இராத்திரி முழுக்க அந்தப் பட்டியைச் சுற்றி எதுவோ ஓடியிருக்கிறது. அரக்கன் வந்ததை ஊரில் முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான், வாளோடு வந்தவர்கள் அல்ல. அந்தக் குடும்பத்துக்கு இவ்வளவு மரியாதையாவது கொடுங்கள்.

ஆலையடியிலிருந்து: விலை எப்படிப் போடுவது?

20 கிலோ ஆடு ஒன்றில் தோல், தலை, குடல், கால் போக ஏறத்தாழ பாதிதான் இறைச்சியும் எலும்புமாக மிஞ்சும். ஆட்டு விலையை அந்த 10 கிலோவில் பிரித்து, மேலே கொஞ்சம் இலாபம் வையுங்கள். போதும்.

நிலாவெளியிலிருந்து: எங்கள் குழுவில் மாடு சாப்பிடாதவர், பன்றி தொடாதவர், மரக்கறிக்காரர் எல்லோரும் இருக்கிறோம். சங்கடம் வராதா?

விளையாட்டுக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். கற்பனைதானே என்று தள்ளிவிடாதீர்கள். என் கற்பனை ஊரில் பூதக்குள்ளர் என்ற இனத்துக்கு வேறு கடை, வேறு குற்றி, வேறு கத்தி. ஒரு இரவு யாரோ கத்திகளை மாற்றி வைத்துவிடுகிறார்கள். ஒரு துளி இரத்தம் சிந்தாமல் ஊர் இரண்டாகப் பிளக்க அதுவே போதும். திருகோணமலையில் வளர்ந்த யாருக்கும் அந்தக் காட்சியின் பாரம் விளங்கும், ஆகவே சமாதானப்படுத்தும் வழியையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். இரண்டு கடைக்காரர்களும் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லும்படி நான் வைத்தேன்.

அதே நிலாவெளித் தம்பி: கடை பூட்டும் நாள்?

நம் நாட்டில் போயா தினத்தில் இறைச்சி விற்பதில்லை. அதையே எடுங்கள். பௌர்ணமியன்று கத்தி தொடக் கூடாது என்பது ஊர்ச் சட்டம். அன்றைக்கு இரவு பூட்டிய கடைக்குள் குற்றியில் வெட்டும் சத்தம் கேட்டால், உங்கள் வீரர்கள் கதவை உடைப்பார்களா, அப்பப்பாவை எழுப்புவார்களா?

கோட்டைப் பக்கத்திலிருந்து: மான் இறைச்சி?

பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் ஊர்த் தெருவிலும் புள்ளிமான்கள் நம்மோடு நடமாடுகின்றன. என் குழுவில் ஒருவரும் அதைச் சாப்பிட மாட்டார்கள். இங்கே மான் இறைச்சி விற்பது குற்றமும்கூட. அந்தத் தடையைக் கதைக்குள் கொண்டுபோங்கள்: பின்கதவால் ஒருவன் சாக்கோடு வருகிறான், கடையில் கடன் இருக்கிறது, தாய் என்ன சொல்வாள்?

சாம்பல்தீவிலிருந்து: அந்த மகளை வீரர்களோடு சேர்த்துவிட்டால் சண்டையில் அவளுக்கு என்ன பலம்?

பலசாலி என்று எழுத வேண்டாம். தெரிந்தவள் அவள். வேலை தெரிந்தவர் எலும்பைக் கொத்த மாட்டார். தொடையைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார், மூட்டு எங்கே அசைகிறது என்று பெருவிரலால் தடவுவார், கத்தி நுனி அந்தக் குழிக்குள் இறங்கும், கால் தானாகக் கழன்று வரும். ஆகவே 20 பக்கப் பகடையில் அவளுக்கு முதல் அடியில் விழும் எண்ணோடு எதையும் கூட்ட வேண்டாம். ஒரு சுற்று அரக்கன் நடப்பதைச் சும்மா பார்த்திருந்தால், அடுத்த சுற்றில் 4 கூட்டிக் கொடுங்கள். எலும்பே இல்லாத அரக்கன் என்றால் அதுவும் கிடையாது.