அறிவியல் புனைகதைகளின் நாயகத் தலைவர்கள் போரில் செய்யும் தவறுகளை நியாயப்படுத்த முடியுமா?

புரிந்துகொள்ளலாம், ஆனால் நியாயப்படுத்த முடியாது என்பதுதான் என் பதில்.

'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 1998-இல் வந்த ஓர் அத்தியாயத்தைப் பாருங்கள். டொமினியன் என்ற எதிரிப் பேரரசுடனான போரில், தொடரின் நாயகன் கேப்டன் சிஸ்கோவின் தரப்புக்கு இழப்புமேல் இழப்பு. ஒதுங்கி நிற்கும் ரோமுலன்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தைப் போருக்குள் இழுக்க, அவர் போலி ஆதாரம் தயாரிக்கிறார். ரோமுலன் செனட்டர் ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார். சிஸ்கோவுக்கு உதவிய கேரக் அந்தச் செனட்டரின் விண்கலத்தையே குண்டு வைத்துத் தகர்த்துவிடுகிறார். பழி டொமினியன்மேல் விழுகிறது, ரோமுலன்கள் போரில் இறங்குகிறார்கள். நடந்ததை எல்லாம் தன் பதிவேட்டில் சொல்லி முடித்த சிஸ்கோ, கடைசியில் அந்தப் பதிவை அழிக்கிறார்.

என்னை மிகவும் உறுத்துவது அந்த அழிப்புதான். கொலை கேரக்கின் திட்டம். மறைத்தது முழுக்க சிஸ்கோவின் முடிவு. எத்தனை உயிர் பிழைத்தது என்று அவர் கணக்குச் சொல்லலாம். சரி, அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் உரிமை யாருக்கு? தன் வழக்கில் தானே நீதிபதியாகிவிட்டார்.

'எண்டர்ஸ் கேம்' (1985) நாவலில் நிலைமை வேறு. பயிற்சி விளையாட்டு என்று நம்பி ஒரு சிறுவன் எதிரிகளின் தாய்க்கோளையே அழிக்கிறான். அங்கே குற்றம் அவனை ஏமாற்றிய தளபதிகளுடையது. ஆனாலும் அந்தப் பாரத்தை அவன்தான் வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறான்.