எலிக்கு ஓர் ஆண்டு

அன்புள்ள ஐயா,

பாலூட்டிகளில் பத்தில் ஒரு பங்கு இனங்கள்கூட இணையாக வாழ்வதில்லையாம். அமெரிக்கப் புல்வெளியின் வோல் எலி அப்படி வாழ்கிறது. துணை செத்தால் பெரும்பாலும் வேறு துணை கொள்வதில்லை. ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன்தான் காரணம் என்று வாசித்தேன். காதல் வெறும் ரசாயனமா? எங்கள் கடற்கரையில் ஒக்கிப் புயலில் கணவனை இழந்த பெண் ஒருவர் சென்ற மாதம் மறுமணம் செய்துகொண்டார். எலிக்குள்ள விசுவாசம் நமக்கு இல்லையே.

ஆர்., கொல்லங்கோடு

அன்புள்ள ஆர்.,

ரசாயனத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஆக்ஸிடோசினை உடல் உணர உதவும் ஏற்பியை மரபணுவிலேயே நீக்கிய பிறகும் இந்த எலிகள் துணையோடு ஒட்டிக்கொண்டன என்று 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒற்றை ஹார்மோன் கதை அத்தோடு ஆட்டம் கண்டது. விசுவாசமும் நீங்கள் நினைப்பதுபோல் இல்லை. ஒரே வளையில் இருந்து சேர்ந்து குட்டி வளர்க்கும். ஆனால் ஒரே ஈற்றில் வேறு ஆணின் குட்டியும் இருப்பதுண்டு.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரிதான் என்னை உறங்கவிடவில்லை.

என் சின்னம்மைக்கு இருபத்துமூன்று வயதில் கணவர் இறந்தார். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பால்வெட்டப் போய் இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினாள். ‘அவளைப்போல உண்டா’ என்று ஊரே மெச்சியது. அவளுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. என் கல்யாணத்தன்று புதுச் செருப்பு வாங்கிப் போட்டிருந்தாள். போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோது, ‘அவள் வரமாட்டாள்’ என்று என் அம்மா முந்திக்கொண்டு சொன்னாள். சின்னம்மை அடுக்களை வாசலில் நின்றாள். நானும் கூப்பிடவில்லை.

காட்டில் அந்த எலி ஓர் ஆண்டு வாழ்வதே அரிது. துணை போனபின் அதற்கு மிஞ்சுவது சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். சின்னம்மைக்கு நாற்பத்தெட்டு ஆண்டுகள் மிஞ்சின. எலியின் வாரங்களை வைத்து ஒரு பெண்ணின் ஆண்டுகளை அளக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? உங்கள் ஊரில் மனைவியை இழந்த எத்தனை ஆண்கள் மறுமணம் செய்திருப்பார்கள்! அப்போதெல்லாம் இந்த எலி நினைவுக்கு வந்ததா?

ஒக்கி அடித்த 2017 நவம்பர் 30-க்குப் பிறகு, லட்சத்தீவில் படகு ஒதுங்கியது, குஜராத்தில் ஒதுங்கியது என்று செய்தி வரும்போதெல்லாம் உங்கள் கடற்கரைப் பெண்கள் எழுந்து ஓடினார்கள். பலருக்கு ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை. அந்தக் காத்திருப்பை நீங்கள் கண்ணால் கண்டவர்.

கோபத்தில் எழுதிவிட்டேன், உங்கள் மேல் எனக்கு வெறுப்பில்லை. அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குப் போனீர்களா? போகவில்லை என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டாரையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். பிள்ளைகள் இருந்தால் பழம் வாங்கிக்கொள்ளுங்கள். உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, காப்பி தந்தால் குடித்துவிட்டு வாருங்கள்.