பத்துத் தடவைக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: அம்மாவுக்கு நான்கு மாதத்துக்கு முன் கண்டியில் பைபாஸ் ஒபரேஷன் நடந்தது. காயம் ஆறிவிட்டது. ஆனால் இடது நெஞ்சில் எரிச்சல், முதுகு வலி, தோளைத் தூக்க முடியாத இறுக்கம். டவுனில் ஓர் இடத்தில் கையால் நீவி, அழுத்திச் சரிசெய்வார்களாம். பத்துத் தடவைக்கு 35,000 ரூபா, முழுவதையும் முன்கூட்டியே கேட்கிறார்கள். கட்டலாமா?
- ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி

பதில்: கட்டாதீர்கள் தங்கச்சி. கைச் சிகிச்சையே வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்துத் தடவைக்கான காசை இப்போதே கொடுக்க வேண்டாம்.

அம்மாவின் வலி உண்மையானது. பைபாஸில் நெஞ்செலும்பை நடுவே பிளந்து, விலாவை இரு பக்கமும் விரித்து வைத்துத்தான் வேலை செய்வார்கள். அப்போது முதுகில் விலா எலும்பு சேரும் மூட்டுகளும் இழுபடும். அடைபட்ட இதயக் குழாய்க்கு மாற்றாக நெஞ்சுச் சுவரின் உட்புறத்து இரத்தக் குழாயைப் பெரும்பாலும் இடப்பக்கம்தான் எடுப்பார்கள். பக்கத்து நரம்பு அடிபட்டால் எரிச்சலும் மரமரப்பும் மாதக்கணக்கில் இருக்கும். அப்புறம் வலிக்குப் பயந்து தோளைக் குறுக்கியே வைத்திருப்பதில் தசை இறுகிவிடும். அந்த இறுக்கம் நீவினால் தளரும். நரம்பு எரிச்சல் நீவுவதால் மட்டும் போகாது. அதற்குத் தனி மருந்து உண்டு, கிளினிக்கில் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். லயத்துப் படி ஏறும்போது நெஞ்சு அடைத்து, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அது தசை வலி என்று இருக்க வேண்டாம். உடனே அம்புலன்ஸ் இலக்கம் 1990-க்கு அழையுங்கள்.

அடுத்த கிளினிக் நாளில் பிசியோதெரபிக்குத் துண்டு கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அது இலவசம். வெளியே போவதானால் ஒரே ஒரு தடவைக்குக் கட்டுங்கள். இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேட்டு, பதிவு இலக்கத்தையும் வாங்குங்கள்.

என் பெரியம்மாவுக்குப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் நீவத் தொடங்கவே வெகுநேரம் எடுத்தார். கிளினிக் கொப்பியைப் புரட்டி, இரத்தம் உறையாமலிருக்க என்ன மாத்திரை என்று பார்த்தார். அது குடிப்பவர்களுக்கு அழுத்தி நீவினால் கன்றிப்போகும். பிறகு நெஞ்செலும்பில் இரண்டு விரலை வைத்து, இருமச் சொன்னார். எலும்பு ‘டக்’ என்று அசைந்தால் டொக்டரிடம்தான் அனுப்ப வேண்டும் என்றார். தழும்பில் சிவப்போ கசிவோ இருந்தாலும் அப்படித்தான். அதற்குப் பிறகுதான் தோள்பட்டையில் கை வைத்தார். வீட்டில் செய்யவும் பழக்கினார்: இரு கையாலும் துவாயைப் பிடித்து மெதுவாக உயர்த்துவது, தலையணையை நெஞ்சோடு அணைத்து ஆழமாக மூச்செடுப்பது.

இப்படி எதையும் கேட்காமல் படுக்கச் சொல்பவரிடம் அம்மாவை விடாதீர்கள்.

ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். இடையில் நிறுத்தினால் மீதி கிடைக்குமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். சீட்டுத் தர மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

அம்மா கொழுந்தெடுக்கப் போகிறவர் என்றால், கூடை தூக்கலாமா, எத்தனை கிலோ வரை என்பதை டொக்டரிடம் கேட்டு, கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்தில் காட்ட அது உதவும்.