வாசலில் நிற்கும் அப்பாவுக்குக் காது கேட்க வேண்டும்

கேள்வி: வருகிற தை மாதம் என் தங்கைக்குத் திருமணம். முதல் நாள் மாலை பல்லடத்தில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. அறுநூறு பேர் வரை வருவார்கள். இரண்டு டிஜேக்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். முதலாமவர் 60,000 ரூபாய் கேட்கிறார். எட்டு டாப் ஸ்பீக்கர், எட்டு பேஸ் ஸ்பீக்கர், புகை, லேசர் எல்லாம் உண்டு. அவருடைய ரீல்ஸ் பிரமாதமாக இருக்கின்றன. பாட்டு உரிமைக்கு என்று தனியே 6,000 ரூபாய் தர வேண்டுமாம். இரண்டாமவர் கேட்பது 35,000 ரூபாய்தான். ஆனால் மண்டபத்தை நேரில் பார்க்க வேண்டும், சாப்பாட்டுக் கூடம் எந்தப் பக்கம், பெரியவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று தொணதொணவென்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அனுபவம் போதாதோ என்று தோன்றுகிறது. வீட்டில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அப்பா முப்பது வருடம் தறிக்குடோனில் வேலை பார்த்தவர், இரண்டு காதிலும் மெஷின் வைத்திருக்கிறார். அன்று மாலை மட்டும் அதைக் கழற்றி வைத்துவிடுகிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். யாரைத் தேர்ந்தெடுப்பது?
– மணப்பெண்ணின் அண்ணன், பல்லடம்

பதில்: தம்பி, இரண்டு டிஜேக்களுக்கும் அவர்களுடைய பெட்டிகளுக்கும் கடிதத்தில் அத்தனை வரிகளை ஒதுக்கிய நீங்கள், அப்பாவுக்கு இரண்டே இரண்டு வாக்கியங்கள் ஒதுக்கியிருக்கிறீர்கள். அதுவும் ‘ஆட்சேபம் இல்லை’ என்பதற்குச் சான்றாக. நான் அந்த இரண்டு வாக்கியங்களை விட்டு நகரப் போவதில்லை.

‘அவரே சொல்லிவிட்டார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். காதில் மெஷின் வைத்திருக்கும் ஒருவர், மகளின் வரவேற்பன்று அதைக் கழற்றி வைக்கிறேன் என்று காரணமில்லாமல் சொல்ல மாட்டார். எட்டு பேஸ் வைக்கப்போகிறோம் என்று நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசியிருப்பீர்கள். ரீல்ஸ் ஓடவிட்டுக் காட்டியிருப்பீர்கள். தன்னால் பிள்ளைகளின் ஆசை கெடக்கூடாது என்று அவர் ஒதுங்கிக்கொண்டிருப்பார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டீர்கள். ‘ஏன்ப்பா கழற்ற வேண்டும்?’ என்று உங்கள் வீட்டில் ஒருவராவது திருப்பிக் கேட்டீர்களா?

கேட்டிருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். மெஷினைக் கழற்றினால் அவருக்கு இரைச்சல் போகாது, பேச்சுதான் போகும். தறிச் சத்தத்தால் வரும் செவிக்குறைவு முதலில் உயர்ந்த ஒலிகளைத்தான் தின்னும். ச், த், ப் போன்ற மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுகிற கூர்மை போய்விடும். தாழ்ந்த ஒலிகள் பெரும்பாலும் தங்கிவிடும். பேஸ் பெட்டியிலிருந்து கிளம்பும் அதிர்வு அந்தத் தாழ்ந்த ஒலிதான். ஆகவே மெஷின் இல்லாத உங்கள் அப்பாவின் நெஞ்சில் அன்று மாலை முழுவதும் அந்த அடி விழுந்துகொண்டே இருக்கும், ஆனால் எதிரில் நின்று பேசும் சம்பந்தியின் ஒரு சொல்லும் அவருக்குப் பிடிபடாது. போதாததற்கு, இப்படிப்பட்ட காதுகளுக்கு மெல்லிய ஒலி கேட்காது, உரத்த ஒலியோ மற்றவர்களைவிடச் சட்டென்று வலிக்கும். உட்செவியில் ஒலியை உணர்கிற மயிர்ச்செல்கள் செத்துப்போனால் மறுபடி முளைப்பதில்லை. விசைத்தறிகள் ஓடும் குடோனில் சத்தம், ஒலியை அளக்கும் அலகில் சொன்னால், 90 டெசிபலைத் தாண்டும். ஒரு தொழிலாளி எட்டு மணி நேரம் கேட்கலாம் என்று நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மாதிரி விதிகள் வைத்திருந்த உச்ச அளவே அந்த 90தான். அதற்குள் முப்பது வருடம் நின்று அவர் கூலி வாங்கினார். அந்தக் கூலியில் நீங்கள் படித்தீர்கள், தங்கை படித்தாள். அந்தக் காதுகளைத்தான் இப்போது ஒரு மாலைப் பொழுதுக்குக் கழற்றி வைக்கச் சொல்கிறீர்கள். இது எனக்குக் கோபம் தருகிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

வரவேற்பில் பெண்ணின் தகப்பனாருக்கு என்ன வேலை என்பதை நினைத்துப் பாருங்கள். சந்தனக் கிண்ணமும் கல்கண்டுத் தட்டும் வைத்த மேசைக்குப் பக்கத்தில், வாசலில், கைகூப்பி நிற்பவர் அவர். ‘வாங்க’ என்று அவர் சொல்ல, வந்தவர் ‘எப்படி இருக்கீங்க, கடைசியாக உங்களைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு’ என்று பதில் சொல்ல வேண்டும். குடோனில் கூட வேலை பார்த்தவர்கள் சோமனூரிலிருந்தும் மங்கலத்திலிருந்தும் பேருந்து பிடித்து அவருக்காக வருவார்கள், லேசருக்காக அல்ல.

பல வருடங்களுக்கு முன் என் உறவில் நடந்த ஒரு வரவேற்பு இன்னும் என் கண்முன் நிற்கிறது. மண்டப வாசலை ஒட்டி, ஆள் உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்களை வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்குக் காதில் எந்தக் குறையும் கிடையாது. அவருடைய பழைய நண்பர் ஒருவர், மடித்த மொய்க் கவரைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய காதருகே குனிந்து ஏதோ சொன்னார். இவர் வாய்விட்டுச் சிரித்து, அவர் தோளைத் தட்டி, சாப்பாட்டுக் கூடத்தைக் கைகாட்டினார். நண்பர் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு கவரைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமலே படியிறங்கிப் போனார். மனைவியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வந்திருப்பதாகவும், உடனே திரும்ப வேண்டும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. பெண்ணின் அப்பா அந்தச் சிரிப்பை நினைத்துக் கடைசிவரை வருந்தினார். நல்ல காது உள்ளவருக்கே இந்த நிலை.

ஆகையால் உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: வாசலில் மெஷின் போட்டுக்கொண்டு நிற்கும் உங்கள் அப்பாவால் விருந்தினரோடு பேச முடிகிற விதத்தில் ஒலியை நடத்தத் தெரிந்தவர் எவரோ, அவரே திறமையான டிஜே. நீங்கள் அனுபவம் போதாது என்று தள்ளிவைக்கப் பார்க்கும் இரண்டாமவர், பணம் வாங்குவதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிட்டார். சாப்பாட்டுக் கூடம் எங்கே என்று அவர் கேட்டது ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்வதற்காக. பெரியவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டது அந்த வரிசைக்கு முன்னால் பெட்டியை வைக்காமல் இருப்பதற்காக. மண்டபத்தைப் பார்க்க வேண்டும் என்றதற்கும் காரணம் உண்டு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். கிரானைட் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள நம் மண்டபங்களில் ஒலி திரும்பத் திரும்ப அடித்து வருவதால் அந்தக் கணக்கு நிற்காது. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு மூலைகளில் பெரிய பெட்டிகளை வைத்து அலறவிடுவதைவிட, சிறிய பெட்டிகளைப் பல இடங்களில் தாழ்ந்த ஒலியில் வைப்பது மேல். எந்த இடத்தில் எது என்பது நேரில் போய்க் கைதட்டிப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. எட்டு பேஸ் என்று மண்டபத்தைப் பார்க்காமலே எண்ணிக்கை சொன்னவர் தன்னிடம் இருக்கும் சரக்கைச் சொன்னார். உங்கள் தேவையைச் சொல்லவில்லை.

ஒரு மீட்டர் இடைவெளியில் இருவர் சாதாரணமாகப் பேசும் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபல். அறுநூறு பேர் கூடினால் அந்தக் கூட்டத்தின் சலசலப்பே அதைத் தாண்டிவிடும். அதற்கு மேல் பாட்டையும் ஏற்றினால் மெஷினால் பேச்சைத் தனியே பிரித்து எடுப்பது மிகவும் கடினம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை ஒலிக்கும் இடங்களுக்கு ஒரு வரையறை வெளியிட்டது. பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, ஒலியை அளந்துகொண்டே இருக்க வேண்டும், காது ஓய்வெடுக்க அமைதியான இடம் ஒன்று வேண்டும் என்பன அதில் உள்ளவை. அந்த 100 ஆடவும் கேட்கவும் விரும்பி வருகிற இளையவர்களை மனதில் வைத்த உச்ச வரம்பு. மொய் எழுத வரும் பாட்டிக்கான அளவல்ல.

இதனால் ஆட்டமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தங்கையும் அவளுடைய தோழிகளும் ஆட ஆசைப்பட்டால் நன்றாக ஆடட்டும். கல்யாண வீட்டில் பிள்ளைகள் ஆடுவது எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கு ஒரு நேரம் வேண்டும். ஆறரை மணியிலிருந்து எட்டரை வரை விருந்தினர் மேடைக்கு வரிசையில் வரும்போது பாட்டு பின்னால் மெல்ல ஓடட்டும். நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கும்போது டிஜேயின் ஒலி முற்றிலும் நிற்கட்டும். பாதி குறைத்து வைப்பது அந்தக் கலைஞர்களுக்கு இழைக்கும் அவமரியாதை. வயதானவர்கள் பந்தி முடித்துக் கிளம்பியபின் முக்கால் மணி நேரம் இளையவர்களுக்குக் கொடுங்கள். மறுநாள் அதிகாலையில் முகூர்த்தம் என்பதை மறக்க வேண்டாம். இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் கூட்டத்தின் முகத்தைப் பார்த்து நடத்துவதில்தான் டிஜேயின் கைத்திறமை தெரியும். ஒரு பாட்டின் தாளம் அடுத்த பாட்டோடு இடறாமல் சேர வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ரீல்ஸைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முப்பது நொடி காணொளித் துண்டில் பாட்டை வெட்டித் தனியே சேர்த்திருப்பார்கள். மைக் கீச்சிட்டதும் பாட்டு நடுவில் நின்றதும் அதில் வராது. வெட்டாத அரை மணி நேரப் பதிவைக் கேளுங்கள். முடிந்தால், இருவரில் ஒவ்வொருவரும் நடத்தும் வேறொரு வரவேற்புக்கு, அந்த வீட்டாரிடம் அனுமதி பெற்று ஒரு பத்து நிமிடம் போய், மேடைக்கு முன்னால் நிற்காமல் சாப்பாட்டுக் கூட வாசலில் நில்லுங்கள். பந்தியில் பரிமாறுபவர் ‘ரசமா, மோரா?’ என்று கேட்பது இலைக்கு முன்னால் இருப்பவர் காதில் விழுகிறதா என்று பாருங்கள். தை மாத முகூர்த்த நாளில் ஒருவரே மூன்று இடங்களை ஒப்புக்கொண்டு உதவியாளரை அனுப்பிவிடுவதும் உண்டு. ஆகவே நேரில் வருபவர் யார், லேப்டாப் மக்கர் செய்தால் மாற்று உண்டா, கார்ட்லெஸ் மைக் எத்தனை, மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் என்ன செய்வார், எத்தனை மணிக்கு முடிப்பார் என்பவற்றை எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.

பாட்டு உரிமைக்கான அந்த 6,000 ரூபாயைக் கொடுக்க வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52(1) பிரிவின் இசட்-ஏ உட்பிரிவில், திருமண ஊர்வலத்துக்கும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு அளித்திருக்கிறது. அதை உறுதிப்படுத்தி மத்திய அரசு 2023 ஜூலையில் பொது அறிவிப்பும் வெளியிட்டது. முற்றத்தில் பெட்டி வைக்கும் எண்ணம் இருந்தால், 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது.

இனி, அப்பா. இன்று மாலை அவருக்கு எதிரில் உட்கார்ந்து, உங்கள் முகம் அவருக்குத் தெரியும்படி, மெஷினைக் கழற்ற வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள். தங்கையையோ அம்மாவையோ சொல்ல வைக்காதீர்கள். அவர் ‘பரவாயில்லை’ என்றுதான் முதலில் சொல்வார். அதோடு எழுந்து போய்விடாதீர்கள். வரவேற்பன்று நான்கு மணிக்கெல்லாம் டிஜே பெட்டிகளை அடுக்கி முடித்திருக்க வேண்டும் என்று பேசி வையுங்கள். ஒலியைச் சோதிக்கும் அந்த அரை மணி நேரத்துக்கு அப்பாவை மண்டபத்துக்கு அழைத்துப் போங்கள். மெஷினில் புது பேட்டரி போட்டுக்கொண்டு, சந்தன மேசைக்குப் பக்கத்தில் மாலையில் அவர் நிற்கப்போகும் அதே இடத்தில் அவர் நிற்கட்டும். நீங்கள் விருந்தினரைப் போல உள்ளே நுழைந்து, குரலை உயர்த்தாமல் அவரிடம் ஏதாவது கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை டிஜே ஒலியைக் குறைத்துக்கொண்டே வரட்டும். அவர் பதில் சொன்ன அந்த அளவை, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். எட்டரை மணி வரை யாருடைய கையும் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது.