செயின்ட் லூயிஸ் போகலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணே,

டல்லாஸ்ல இருந்து எழுதுறேன். கம்பெனில என்னை செயின்ட் லூயிஸுக்கு மாத்திட்டாங்க, அடுத்த மாசம் கிளம்பணும். நெட்ல தேடுனா எந்த லிஸ்ட்டப் பாத்தாலும் அமெரிக்காவுல கொலை அதிகமா நடக்குற ஊர்கள்ல அதுதான் மேல நிக்குது. வீட்டுக்காரி ரெண்டு நாளா தூங்கல. அங்க இருக்குற நம்ம ஆளுங்ககிட்ட கேட்டா "அதெல்லாம் கணக்கு தப்பு ப்ரோ, பதினஞ்சு வருஷமா இருக்கோம், ஒண்ணும் ஆகல"ங்கிறாங்க. நீங்க அங்க ஆறு வருஷம் இருந்ததா முன்ன ஒரு பதிவுல எழுதியிருந்தீங்க. யார் சொல்றதண்ணே நம்புறது?

(பெயர் வேண்டாம்னு கேட்டிருக்கார்)

தம்பி,

அந்த நம்ம ஆளுங்க எங்க குடியிருக்காங்கன்னு மொதல்ல கேளு. பால்வின், செஸ்டர்ஃபீல்டுன்னு சொல்லுவாங்க. நம்ம கோவிலே பால்வின்லதான் இருக்கு. அதெல்லாம் செயின்ட் லூயிஸ் கவுன்டி (கவுன்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, இங்க சிட்டிக்கு வெளிய இருக்குற புறநகர்), நீ லிஸ்ட்ல பாத்தது செயின்ட் லூயிஸ் சிட்டி. பேரு ஒண்ணா இருந்தாலும் நிர்வாகம் வேற, போலீஸ் வேற, கொலைக் கணக்கும் வேற வேற. சனிக்கிழமை ஜூவுக்கு வந்து, வருஷத்துக்கு ஒரு பேஸ்பால் மேட்ச் பாத்துட்டு திரும்பிப் போறவங்களுக்கு ஒண்ணும் ஆகலங்கிறது உண்மைதான், அத வச்சு சிட்டி கணக்கே தப்புன்னா எப்படி.

ஆனா அவங்க சொல்றதுலயும் பாதி விஷயம் இருக்கு. 1876-ல சிட்டிக்காரங்களே ஓட்டுப் போட்டு கவுன்டிய வெட்டி விட்டாங்க. அன்னைக்கு சிட்டி பணக்கார ஊரு, சுத்தி வயக்காடு, நம்ம வரிப்பணத்த எதுக்கு அவனுங்களுக்குக் கொட்டணும்னு சுமார் 62 சதுர மைலுக்கு ஒரு கோடு போட்டு முடிச்சுட்டாங்க. அப்புறம் வசதியானவங்க எல்லாம் அந்தக் கோட்டத் தாண்டிப் போயிட்டாங்க. 1950-ல சிட்டில எட்டரை லட்சம் பேர், 2020-ல மூணு லட்சம்தான், வெட்டி விட்ட கவுன்டில இப்ப பத்து லட்சம். கொலை விகிதம்னா கொலை எண்ணிக்கைய ஜனத்தொகையால வகுக்குறது. ஜாக்சன்வில், லூயிவில்னு வேற ரெண்டு ஊர் 1968-லயும் 2003-லயும் அதது கவுன்டியோட சேந்துடுச்சு, அதனால அங்க அமைதியான புறநகர் ஜனமும் வகுக்குற எண்ணுக்குள்ள வந்துடும். செயின்ட் லூயிஸ்ல வராது. 2019-ல ரெண்டையும் சேக்க ஒரு பெரிய திட்டம் வந்துச்சு, ஏப்ரல்ல கவுன்டி தலைவர் ஸ்டெங்கர் மேல ஃபெடரல் ஊழல் கேஸ், மே மாசம் திட்டம் வாபஸ். (நம்ம ஊர் அரசியல் பாத்து வளந்தவனுக்கு அங்க எதுவுமே புதுசா தெரியாது.)

இதுல இன்னொரு வேடிக்கை. 1993-ல சிட்டில 267 கொலை, 2020-ல 263. எண்ணிக்கை கிட்டத்தட்ட அதேதான், ஆனா நடுவுல ஊரே காலியாகி ஒரு லட்சம் பேர் கிட்ட குறைஞ்சுட்டாங்க. அதனால லட்சம் பேருக்கு எழுபதுக்குக் கீழ இருந்த விகிதம் 87 பக்கம் போயிடுச்சு, அம்பது வருஷத்துல இல்லாத உச்சம்னு எல்லா பேப்பர்லயும் வந்துச்சு.

சரி, அப்ப எல்லாம் கோட்டு வேலைதானான்னு கேட்டா, இல்ல. டெல்மார்னு ஒரு ரோடு இருக்கு, கிழக்கு மேற்கா ஓடும். நான் அதுக்குத் தெக்க சென்ட்ரல் வெஸ்ட் எண்ட்ல இருந்தேன், சனிக்கிழமை காபி கடையில உக்காந்தா நாய்க்குட்டியோட வர்றவங்கதான் கண்ணுல படுவாங்க, அங்கேருந்து பத்து நிமிஷம் வடக்க நடந்தா கூரை விழுந்த செங்கல் வீடு, பலகை அடிச்ச ஜன்னல், வரிசையா காலி மனை. வடக்க பெரும்பாலும் கறுப்பின மக்கள். கொல்லப்படுறவங்கள்லயும் ரொம்பப் பெரும்பான்மை கறுப்பின இளைஞர்கள்தான், பத்துல ஒன்பது கொலை துப்பாக்கியால. காரணம் பாதி நேரம் வாய்த்தகராறு, பழைய பகை, பழிக்குப் பழி. பல வருஷம் பாதிக்கு மேல கேஸ்ல ஆளையே பிடிக்கல, பிடிக்காத கேஸுக்கு செத்தவனோட தம்பியோ கூட்டாளியோ கணக்குத் தீக்கக் கிளம்பிடுறான். போதாக்குறைக்கு கைத்துப்பாக்கி வாங்க பெர்மிட் வேணும்ங்கிற சட்டத்த, செயின்ட் லூயிஸ் இருக்குற மிசௌரி மாநிலம் 2007-ல எடுத்துடுச்சு, அதுக்கப்புறம் மாநிலத்துல துப்பாக்கிக் கொலை கூடுனதா ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு சொல்லுச்சு. 2017-லருந்து மறைச்சு வச்சுக்கிட்டுத் திரியவும் பெர்மிட் தேவையில்ல.

அதனால சிட்டி சராசரி ரெண்டு பக்கமும் தப்பா காட்டுது தம்பி. தெக்க இருக்கிறவனுக்கு நிஜத்த விட பயங்கரமா இருக்கும், வடக்க பிள்ளை வளக்குற அம்மாவுக்கு நிஜத்த விடக் கம்மியா இருக்கும். "கணக்கு தப்பு ப்ரோ"ன்னு சொல்றவங்க மேல எனக்குக் கோவம் வர்றது இதுக்காகத்தான், அந்த அம்மாவையும் சேத்தே துடைச்சுப் போடுறாங்க.

இப்ப நிலைமை எப்படின்னா, குறைஞ்சிருக்கு, நல்லாவே குறைஞ்சிருக்கு. 2022-ல 200, 2023-ல சுமார் 160, 2024-ல 150, 2013-க்கு அப்புறம் அன்னைக்கு அதுதான் கம்மி. இருந்தாலும் அந்த 2024-லயே லட்சத்துக்கு அம்பது பக்கம், நாட்டு சராசரி மாதிரி பத்து மடங்கு. யாரால குறைஞ்சுதுன்னு கேட்டா ஆளாளுக்கு காலரத் தூக்கி விட்டுக்குவாங்க, அதே ரெண்டு வருஷத்துல நாடு முழுக்க பெரிய ஊர்கள்ல கொலை சரசரன்னு இறங்குனதால நான் யார் கழுத்துலயும் மாலை போடல. இதுல கூத்து என்னன்னா, இப்படி இறங்கிட்டு இருக்கும்போதே 2025 மார்ச்ல மாநில அரசு சிட்டி போலீஸத் தன் கையில எடுத்துக்கிச்சு. 1861-ல சிவில் வார் சமயத்துல ஒருதடவை எடுத்தது, 2013-லதான் திருப்பிக் குடுத்தாங்க, பன்னெண்டு வருஷம்கூட நிக்கல.

உன் விஷயத்துக்கு வர்றேன். உன்ன மாதிரி ஆபீஸ் வீடுன்னு போறவனுக்கு அங்க நெஜத்துல நடக்குறது காரு சமாச்சாரம். 2022, 23-ல கியா, ஹூண்டாய் வண்டிங்கள திருடனுங்க அள்ளிட்டுப் போயி, சுலபமா திருடுற மாதிரி வண்டி செஞ்சிருக்கீங்கன்னு சிட்டியே அந்தக் கம்பெனிங்க மேல கேஸ் போட்டுச்சு. எனக்கு ஒருதடவை டவுன்டவுன்ல மேட்ச் முடிஞ்சு வர்றதுக்குள்ள பின் கண்ணாடி காலி, உள்ள இருந்தது ஜிம் பை, அதுல நாத்தம் புடிச்ச ஷூ. சிக்னல் பச்சை விழுந்தாலும் ரெண்டு செகண்ட் பொறுத்துப் போ, சிவப்புல பறக்குறவங்க ஜாஸ்தி. வீடு ஆபீஸ் கிட்டவே வேணும்னா டவர் க்ரோவ் பார்க் பக்கம் பாரு, பொட்டானிகல் கார்டன் ஒட்டியே இருக்கு. வீட்டுக்காரிய ஒருதடவை கூட்டிட்டுப் போய் பகல்லயும் ராத்திரி ஒன்பது மணிக்கும் அந்தத் தெருவுல நடக்க விடு, அப்புறம் அவங்களே சொல்லட்டும்.